கேம்ப்பெல் அடுத்த ஏப்ரலில் எந்த ஊரில்? (ரெட் சாக்ஸ் மைனர் லீக் இழை)

14 அக்டோபர் 2024. கேள்வி (நியூ ஜெர்சி வாசகர்)

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் இளம் வீரர் கிறிஸ்டியன் கேம்ப்பெல் ஒரே வருஷத்தில் அதன் கீழ்நிலை (மைனர் லீக்) அணிகளான கிரீன்வில், போர்ட்லாண்ட், வூஸ்டர் என்று மூன்று படி ஏறிவிட்டார். மட்டைச் சராசரி .330, ஹோம் ரன் 20, திருடிய பேஸ் 24. பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகை ஆண்டின் சிறந்த மைனர் லீக் வீரர் என்று அவரைத்தான் அறிவித்திருக்கிறது. 2025 ஏப்ரலில் நேரே பாஸ்டனா (மேஜர் லீக்கில் ஆடும் முதன்மை அணி), மறுபடி வூஸ்டரா? நீங்கள் எதை வைத்துக் கணிக்கிறீர்கள் அண்ணா?

14 அக்டோபர் 2024, இரவு

.330 என்ற எண்ணை முதலில் ஓரமாக வையுங்கள். மூன்று ஊர்களில் மூன்று தரத்துப் பந்துவீச்சை எதிர்கொண்டு எடுத்த கூட்டுத்தொகை அது. பிரித்துப் பார்த்தால் ஹை-ஏ கிரீன்வில்லில் 40 ஆட்டம், டபுள்-ஏ போர்ட்லாண்டில் 56, டிரிபிள்-ஏ வூஸ்டரில் 19 (மூன்றும் ஏறுவரிசை மட்டங்கள், டிரிபிள்-ஏ-வுக்கு மேலே மேஜர் லீக்). உச்சம் போர்ட்லாண்டில்தான். வூஸ்டரின் 19 ஆட்டங்களை வைத்து நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் வயது. அவருக்கு 22. டபுள்-ஏ-வில் இருப்பவர்கள் பெரும்பாலும் 23, 24. அந்த மட்டத்துக்கு இளையவராக இருந்துகொண்டு அடித்திருக்கிறார், அது கணக்கில் சேரும். அடுத்தது ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) 'வாக்'கும் (நான்கு மோசமான பந்துகளை விட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது). ஹோம் ரன் காற்றைப் பொறுத்து, மைதானத்தைப் பொறுத்து மாறும். எந்தப் பந்தை விட வேண்டும் என்று தெரிந்திருப்பது அப்படி மாறாது. மூன்றாவதாக, கையுறையோடு எங்கே நிற்கிறார் என்பது. நான்காவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: அவருக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

நாலாவதைப் பற்றி நிறைய எழுத வேண்டும். நாளை எழுதுகிறேன்.

15 அக்டோபர் 2024

இன்னொருவர் கேட்டிருந்தார்: கேம்ப்பெல் 2023 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) நான்காம் சுற்று, 132-ஆவது தேர்வு. அவ்வளவு கீழே போனவர் எப்படி இப்படி ஆனார்? ஸ்கவுட்கள் (திறமை தேடும் ஆட்கள்) தூங்கிவிட்டார்களா?

தூங்கவில்லை. ஜார்ஜியா டெக் கல்லூரியில் அவர் பந்தைத் தவறவிடாமல் தொடுவார், ஆனால் அடியில் பலம் இல்லை. ஸ்கவுட்கள் 20-இலிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 'தொடும் திறன் நன்று, பலம் குறைவு' என்று எழுதியவர்கள் அன்று கண்ணில் பட்டதைத்தான் எழுதினார்கள். டிராஃப்டுக்குப் பிறகு உடம்பு ஏறியது, மட்டை வேகம் கூடியது, பந்தை மேல்நோக்கி அனுப்பும்படி வீச்சை மாற்றினார்கள். அது பிறகு நடந்தது. அறிக்கை எழுதிய நாளில் இல்லாததை அறிக்கையில் தேடக் கூடாது.

அதனால்தான் பழைய டிராஃப்ட் வரிசை எண்ணை வைத்து நான் யாரையும் தள்ளுவதில்லை. பெரிய அடிகாரரான ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999-இல் 13-ஆம் சுற்று. பிட்சராக (பந்துவீச்சாளர்) பேர் எடுத்த ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) ஆடியவர், 2010-இல் ஒன்பதாம் சுற்று.

20 அக்டோபர் 2024

மேலே யார் இருக்கிறார்கள் என்ற கதை.

2014 வசந்தத்தில், பின்னாளில் நட்சத்திரமான மூக்கி பெட்ஸை போர்ட்லாண்டில் பார்த்தேன். அங்கிருக்கும் ஹாட்லாக் ஃபீல்டில் இடப்பக்கம் பாஸ்டனின் ஃபென்வே மைதானத்தைப் போலவே 37 அடிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சிறு பையன் மாதிரி இருந்தார், அடிக்கிற அடியெல்லாம் ஃபீல்டர்களுக்கு நடுவே காலி இடத்தில் போய் விழுந்தது. 2012-இல் கீழ்மட்ட அணியான லோவெல்லில் முழு சீசன் ஆடி ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர் இவர் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னபோது நம்பவே முடியவில்லை. உண்மைதான்.

பெட்ஸ் அப்போது செகண்ட் பேஸ்மேன். பாஸ்டனில் அந்த இடத்தில் டஸ்டின் பெட்ரோயா பல வருட ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த மே மாதத்திலேயே பெட்ஸை சென்டர் ஃபீல்டில் நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜூன் கடைசியில் யாங்கி ஸ்டேடியத்தில் முதல் மேஜர் லீக் ஆட்டம், அதுவும் அவுட்ஃபீல்டராக. மட்டை அவரை மேலே தள்ளியது. எந்தக் கதவு வழியாகப் போவது என்பதைப் பெட்ரோயா இருந்த இடம் முடிவு செய்தது.

ஒரு வீரரின் அடுத்த ஊரைக் கணிக்க வேண்டுமானால் அவருடைய புள்ளிவிவரப் பக்கத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். மேல் அணியின் பட்டியலை ஒரு மணி நேரம் பாருங்கள்.

2 நவம்பர் 2024

'டிரிபிள்-ஏ-வில் ஆறு மாதம் நொறுக்கினால் அவர் தயார்' என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். எனக்கு ஒப்புதல் இல்லை.

ஜாக்சன் ஹாலிடே 2022 டிராஃப்டில் முதல் தேர்வு. 2023-இல் ஒரே சீசனில் நான்கு மட்டங்களையும் தாண்டினார். 2024 ஏப்ரல் 10-ஆம் தேதி பால்டிமோர் மேலே அழைத்தது. 34 முறை அடிக்கப் போய் 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்அவுட். மாதம் முடிவதற்குள் மறுபடி நார்ஃபோக் (பால்டிமோரின் டிரிபிள்-ஏ அணி). ஜூலை 31-ஆம் தேதி திரும்ப வந்தவர் அன்றைக்கே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடிக்கும் ஹோம் ரன்) அடித்தார். இடைப்பட்ட மூன்று மாதத்தில் அவர் வேறு மனிதராகிவிடவில்லை. டிரிபிள்-ஏ-வுக்கும் மேஜர் லீக்குக்கும் நடுவே இருக்கும் பள்ளம் இப்போது முன்பைவிட ஆழம், அதுதான் காரணம். டிரிபிள்-ஏ-வில் நல்ல பிட்சர் யாராவது தென்பட்டால் இரண்டே வாரத்தில் மேலே போய்விடுகிறார். மிச்சமிருப்பவர்களை அடித்து எடுக்கும் எண்களில் காற்று நிறைய.

ஸ்ட்ரைக் எல்லையும் (எந்தப் பந்து ஸ்ட்ரைக் என்று முடிவு செய்யும் எல்லை) வேறு. டிரிபிள்-ஏ-வில் 2024 ஜூன்வரை சில ஆட்டங்களில் இயந்திரமே சொன்னது, பிறகு முறையிட்டால் மட்டும் இயந்திரத்திடம் போனது. மேலே 2024-இல் அந்த இயந்திரம் இல்லை, கீழே வாக் எடுத்துப் பழகிய பந்தை அம்பயர் ஸ்ட்ரைக் என்றார்.

இன்னும் பழைய பாடம் பிராண்டன் வுட். 2005-இல் ராஞ்சோ குக்கமோங்காவில், அப்போதைய ஹை-ஏ-வில், 43 ஹோம் ரன். அவருடைய மேஜர் லீக் அணியான ஏஞ்சல்ஸின் ரசிகர்கள் கனவில் மிதந்தார்கள். மேஜர் லீக்கில் மொத்தச் சராசரி .186. ராஞ்சோ குக்கமோங்கா ஆடிய கலிஃபோர்னியா லீக்கில் வறண்ட காற்று, பாலைவன மைதானங்கள், பந்து பறக்கும். ஸ்ட்ரைக்அவுட் அன்றைக்கே அதிகமாக இருந்தது. அதை யாரும் படிக்க விரும்பவில்லை.

3 நவம்பர் 2024

வூஸ்டரும் ஆல்புகர்க்கி மாதிரிதான், ஹோம் ரனை நம்பக் கூடாது என்று எழுதியவருக்கு: இல்லை. ஆல்புகர்க்கி பசிஃபிக் கோஸ்ட் லீக், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே. வூஸ்டர் இன்டர்நேஷனல் லீக், மேடும் இல்லை பாலைவனமும் இல்லை. ஏப்ரலில் அங்கே குளிரில் கை மரத்துப்போகும். டிரிபிள்-ஏ முழுவதும் 2019-இலிருந்து மேஜர் லீக் பந்தையே பயன்படுத்துகிறார்கள் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

3 நவம்பர் 2024, மாலை

டபுள்-ஏ-வைப் பற்றியே நான் ஏன் திரும்பத் திரும்பப் பேசுகிறேன் என்றால் பொய் எண்கள் உதிரும் இடம் அதுதான். கீழே வேகப்பந்தை மட்டும் அடித்துப் பிழைத்தவர்கள் அங்கே வளைபந்தைப் பார்த்து நின்றுவிடுகிறார்கள். மைக்கேல் ஜோர்டன் 1994-இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு பர்மிங்ஹாமில் ஆடியது டபுள்-ஏ. சராசரி .202, ஸ்ட்ரைக்அவுட் 114. பலர் அதைக் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு மட்டையே பிடிக்காத 31 வயதுக்காரர் அந்த மட்டத்தில் .202 எடுத்ததை நான் பெரிய சாதனையாகவே பார்க்கிறேன். அங்கே அவருடைய மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனா. பத்து வருஷம் கழித்து ரெட் சாக்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்த அதே மனிதர்.

19 நவம்பர் 2024

40 பேர் பட்டியலில் (மேஜர் லீக்கில் ஆட அணி பதிவு செய்துவைக்கும் வீரர்கள்) கேம்ப்பெல் ஏன் இல்லை, அணிக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லையா என்று பதறிக் கேட்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம்.

'ரூல் 5' என்று ஒன்று உண்டு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள், 19 வயதிலோ அதற்குப் பிறகோ ஒப்பந்தமானவரை நான்கு சீசனுக்குள் அணி 40 பேர் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். தவறினால் டிசம்பரில் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். கேம்ப்பெல் 2023-இல் கல்லூரியிலிருந்து வந்தவர். அவரைப் பாதுகாக்கும் கெடு 2026 நவம்பர்தான். அதுவரை அவர் பட்டியலுக்கு வெளியே இருந்தால் அணிக்கு ஓர் இடம் மிச்சம்.

மறுபக்கமும் இருக்கிறது. அவரை ஏப்ரலில் மேலே கொண்டுவர வேண்டுமென்றால் 40-இல் ஒருவரை நீக்க வேண்டும். கணிக்கும்போது 'இவர் தயாரா?' என்று கேட்டால் போதாது, 'இவருக்காக யாரை இழக்கத் தயார்?' என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் எந்தப் பட்டியலையும் நான் நம்புவதில்லை.

12 டிசம்பர் 2024

எல்லாம் மாறிவிட்டது! நேற்று பிட்சர் கேரட் க்ரோஷேவை ஷிகாகோ வைட் சாக்ஸிடமிருந்து பாஸ்டன் வாங்கிவிட்டது. கொடுத்தது கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி, சேஸ் மைட்ராத், விக்கல்மன் கொன்சாலஸ்.

எல்லாரும் டீலைப் பற்றி அழுகிறார்கள், எனக்கும் வருத்தம்தான். இந்த இழைக்கு முக்கியமானவர் மைட்ராத். வூஸ்டரில் செகண்ட் பேஸும் ஷார்ட்ஸ்டாப்பும் ஆடியவர், வாக் எடுப்பதில் கெட்டிக்காரர், வரிசையில் கேம்ப்பெலுக்கு முன்னால் நின்றவர். அவர் போனதும் கேம்ப்பெல் ஒரு பந்தும் அடிக்காமலேயே ஓர் இடம் முன்னால் வந்துவிட்டார்.

மைட்ராத்துக்கும் இது நல்லதுதான். ஷிகாகோ இந்த வருஷம் 121 ஆட்டம் தோற்ற அணி, அங்கே இடம் காலி.

9 ஜனவரி 2025

ஒருவர் பிட்சர் குமார் ராக்கரைப் பற்றிக் கேட்டார், பெயரைப் பார்த்ததும் ஆவல் என்றார். எனக்கும் அதே ஆவல் உண்டு. அவருடைய தாயார் இந்திய வம்சாவளி, தந்தை டிரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்து வீரர். 2021-இல் மெட்ஸ் பத்தாவதாகத் தேர்ந்தெடுத்தது, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவில்லை. 2022-இல் டெக்சஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023-இல் முழங்கை அறுவை சிகிச்சை. 2024-இல் டெக்சஸின் மைனர் லீக் அணிகளான ஃப்ரிஸ்கோ, ரவுண்ட் ராக் என்று சில ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டு செப்டம்பரில் மேஜர் லீக். பிட்சருக்குப் படிக்கட்டு வேறு. தோளும் முழங்கையும் நல்ல நிலையில் இருக்கும் நாட்களை மைனர் லீக்கில் செலவழிக்க அணிகளுக்கு இப்போது மனமில்லை.

26 ஜனவரி 2025

சர்வீஸ் நாட்களைப் பற்றி (வீரர் மேஜர் லீக்கில் இருந்த நாட்களின் கணக்கு; அது கூடக் கூட அவர்மேல் அணிக்கு இருக்கும் உரிமைக் காலம் குறையும்). மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஒரு வருஷம். 2015-இல் கிரிஸ் பிரையன்ட் வசந்தப் பயிற்சியில் 9 ஹோம் ரன் அடித்தும் ஷிகாகோ கப்ஸ் அவரை ஏப்ரல் 17 வரை கீழே வைத்திருந்தது. அந்த வருஷம் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாளால் அணிக்கு அவர் ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைத்தார். அவர் முறையிட்டார், 2020-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது.

மேஜர் லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு மருந்து வந்தது. முக்கியமான இளம் வீரர் தரவரிசைப் பட்டியல்களின் முதல் 100-இல் இருக்கும் வீரரைத் தொடக்கத்திலிருந்தே மேலே வைத்திருந்து அவர் ஆண்டின் சிறந்த புதுமுகமானால் அணிக்கு ஒரு கூடுதல் டிராஃப்ட் தேர்வு. ஹூலியோ ரொட்ரிகஸ், கார்பின் கரோல், கன்னர் ஹெண்டர்சன் மூவராலும் அவரவர் அணிக்குக் கிடைத்தது. ஆகவே பட்டியலில் மேலே இருக்கும் கேம்ப்பெலைப் பத்து நாள் கீழே ஒளித்துவைக்க பாஸ்டனுக்குக் காரணம் குறைந்துவிட்டது. அக்டோபரில் 'வூஸ்டர்' பக்கம் என் மனம் சாய்ந்திருந்தது, இப்போது பாதிப் பாதி.

16 பிப்ரவரி 2025

அலெக்ஸ் பிரெக்மன் பாஸ்டனுக்கு வந்தாயிற்று, மூன்று வருஷம், 12 கோடி டாலர். கேம்ப்பெல் கதை முடிந்தது என்று எழுதுகிறீர்கள். பிரெக்மனை செகண்ட் பேஸில் நிறுத்தினால் ஆம். தேர்ட் பேஸில் நிறுத்தி, அங்கே ஆடிவந்த டெவர்ஸை அடிக்க மட்டும் வைத்தால் செகண்ட் பேஸ் திறந்தே இருக்கும். பிரெக்மனுக்குத் தேர்ட் பேஸில் தங்கக் கையுறை விருது உண்டு. நான் இரண்டாவதை எதிர்பார்க்கிறேன்.

28 மார்ச் 2025

நேற்று டெக்சஸின் ஆர்லிங்டனில் கேம்ப்பெல் பாஸ்டனுக்காகக் களம் இறங்கிவிட்டார். பயிற்சி ஆட்டங்களில் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை, ஆனாலும் அவர்தான். மார்ச் எண்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

பட்டியல்களில் அவருக்கும் மேலே இருக்கும் ரோமன் ஆன்தனி வூஸ்டரில் தொடங்குகிறார். திறமைக் குறைவு காரணமே இல்லை. பாஸ்டன் அவுட்ஃபீல்டில் ஜேரன் டுரான், ராஃபேலா, அப்ரேயு மூவரும் நிற்கிறார்கள். அக்டோபர் 20-ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படியுங்கள்.

3 ஏப்ரல் 2025

கேம்ப்பெலுக்குப் புது ஒப்பந்தம்: எட்டு வருஷம், 6 கோடி டாலர். ஒரு வாரம் ஆடியதற்கு! இனி அவருடைய சர்வீஸ் நாட்களை எண்ணும் வேலை யாருக்கும் இல்லை. இதற்கு ஒரு விளைவு உண்டு. அவரைக் கீழே அனுப்ப வேண்டி வந்தால் இனி அது முழுக்க ஆட்டத்தைப் பார்த்து எடுக்கும் முடிவாகவே இருக்கும்.

10 ஜூன் 2025

ஆன்தனி நேற்று ஃபென்வேயில். அப்ரேயு காயப் பட்டியலுக்குப் போனதும் அழைப்பு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வூஸ்டருக்காக ஆடும்போது 497 அடி தூரம் ஒரு கிராண்ட் ஸ்லாம் அடித்திருந்தார். அன்றே அழைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 497 அடி கதவைத் தட்டியது, திறந்தது அப்ரேயுவின் காயம்.

21 ஜூன் 2025

கேம்ப்பெலை வூஸ்டருக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரலில் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம், மே மாதத்தில் மட்டை அடங்கிவிட்டது. நடுவில் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் கசாஸுக்கு முழங்கால் தசைநாண் கிழிந்ததால் ஃபர்ஸ்ட் பேஸ் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. 22 வயதில் மேஜர் லீக் பிட்சர்கள் தன் பலவீனத்தைக் கண்டுபிடித்திருக்கும் அதே மாதத்தில் புதிதாக ஓர் இடத்தைக் கற்றுக்கொள் என்பது கடினமான வேலை. அதை அவர்மேல் சுமத்தியது எனக்குப் பிடிக்கவில்லை.

'ஏமாற்றம்', 'வீண் ஒப்பந்தம்' என்று எழுதுபவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். ஹாலிடே குறிப்பை மேலே வைத்திருக்கிறேன். கேம்ப்பெல் வூஸ்டரில் ஆடியது 19 ஆட்டம் என்று முதல் நாளே எழுதியிருந்தேன். அவர் தாண்டிப்போன வகுப்பு அது, இப்போது அதில் உட்காருகிறார்.

கீழே போவதன் கனம் எல்லாருக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டிரிபிள்-ஏ குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2023 ஒப்பந்தப்படி 35,800 டாலர். மேஜர் லீக்கில் இந்த வருஷம் 7,60,000. கேம்ப்பெலுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அவர் பக்கத்தில் லாக்கர் வைத்திருக்கும் 28 வயதுக்காரருக்கு எதுவும் இல்லை. நாம் இங்கே 'அனுப்பலாம், ஏற்றலாம்' என்று எழுதுவது அவர்களுடைய வாடகையை, பிள்ளைகளின் பள்ளியை.

13 ஜூலை 2025

வூஸ்டரின் மைதானமான போலார் பார்க் போயிருந்தேன். கேம்ப்பெல் அடிக்கும்போது பந்து எங்கே போகிறது என்பதைவிட எந்தப் பந்தை விடுகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுவது சரியாக இருக்கிறது. மட்டை தாமதமாக வருகிறது, குறிப்பாக உயரமான வேகப்பந்துக்கு. ஒரு மாலைப் பொழுதின் கண்பார்வை, அதற்குமேல் எடை போடாதீர்கள்.

10 செப்டம்பர் 2025

நேற்றிரவு சாக்ரமென்டோவில் பாஸ்டனின் புது பிட்சர் கானலி எர்லி, முதல் ஆட்டத்திலேயே 5 இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக்அவுட், ரன் இல்லை! 2023 டிராஃப்டில் ஐந்தாம் சுற்று. இரண்டு வாரம் முன்னால் இன்னொரு பிட்சர் பேட்டன் டோலி வந்தார், அவர் 2024-இல் இரண்டாம் சுற்று, இந்த ஏப்ரலில் கிரீன்வில்லில் இருந்தவர். கிரீன்வில், போர்ட்லாண்ட், வூஸ்டர், ஃபென்வே, ஐந்தே மாதம். ஜனவரியில் ராக்கரைப் பற்றி எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். அக்டோபரில் நடக்கும் கோப்பைப் பந்தயத்துக்குப் பந்து வீசக் கை தேவைப்படும்போது பிட்சர் வரிசையில் நிற்பதில்லை.

22 செப்டம்பர் 2025

நியூ ஜெர்சித் தம்பியின் புதுக் கேள்வி: ஃபிராங்க்லின் அரியாஸ் 2026 ஏப்ரலில் எங்கே?

19 வயது, வெனிசுவேலாக்காரர், ஷார்ட்ஸ்டாப். இந்த வருஷம் அமெரிக்காவின் சேலத்தில் (கிரீன்வில்லுக்குக் கீழ்ப் படி) தொடங்கி கிரீன்வில், கடைசி இரண்டு வாரம் போர்ட்லாண்ட். ஸ்ட்ரைக்அவுட் மிகக் குறைவு, கையுறை அழகு, பலம் இன்னும் வரவில்லை. நவம்பரில் 20 ஆவார், டபுள்-ஏ-வில் அவரைவிட நாலு வயது மூத்தவர்கள் பந்து வீசுவார்கள். வூஸ்டருக்கு ஏற்ற அவசரம் எதுவும் இல்லை. அவருக்கு மேலே பாஸ்டனில் மார்செலோ மேயர் இருக்கிறார், ட்ரெவர் ஸ்டோரி இருக்கிறார்.

ஆகவே என் கணிப்பு போர்ட்லாண்ட். மே கடைசிவரை ஸ்ட்ரைக்அவுட் இப்படியே இருந்து, சுவரில் பட்டுத் திரும்பும் டபுள்கள் (இரண்டாம் பேஸ்வரை ஓடவைக்கும் அடிகள்) கொஞ்சம் கூடினால் ஜூலையில் வூஸ்டர். டிசம்பரில் இவரைக் கொடுத்துப் பெரிய பிட்சர் யாரையாவது வாங்கினால் இந்தக் குறிப்பு செல்லாது, அப்போது வேறு அணியின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும்.